டேட்டாஷீட் பாத்து கோடு போடுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். வெளிநாட்டுலருந்து இறக்குற எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு எந்த எச்எஸ் கோடு (என்ன பொருள்னு கஸ்டம்ஸுக்குச் சொல்ற நம்பர்) போடறது, டூட்டி எவ்வளவு வரும், தப்பா போயிட்டா என்ன ஆகும்னு. ஓசூர் சிப்காட்ல இருந்துதான் வரும்னு நினைச்சேன், ஆனா பாலக்கோடு, காவேரிப்பட்டணம், அரூர்னு எல்லா பக்கமிருந்தும் கேட்டிருக்கீங்க. சின்னச் சின்ன ஊர்ல உக்காந்துக்கிட்டு நேரா ஷென்ஜென்ல ஆர்டர் போட்டு சாமான் எடுக்கற பசங்க இத்தனை பேர் இருக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷம், அதனாலயே இவங்க யாரும் ஒரு கோடுல மாட்டி முதல தொலைச்சுடக் கூடாதுன்னு கவலையும் இருக்கு. இந்த முறை வேற கேள்வி எதுவும் எடுக்கல.

கேள்வி: அண்ணா, நாங்க போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் பண்றோம். ஜிஎஸ்எம் மாட்யூல் (சிம் போட்டு சிக்னல் அனுப்பற பாகம்), ரிலே (கரண்ட்ல ஆன் ஆஃப் ஆகற சுவிட்ச்), ஐசி (சிப்), கெப்பாசிட்டர், பிசிபி (சர்க்யூட் போர்டு) எல்லாம் ஒரே பார்சல்ல வருது. சப்ளையர் மொத்தத்துக்கும் 8542னு ஒரே கோடு போட்டு இன்வாய்ஸ் அனுப்பறான், டூட்டி ஜீரோ. இப்ப புதுசா வந்த கஸ்டம்ஸ் ஏஜென்ட் இது சரியில்லங்கறார். யார் பேச்சை கேக்கறது?
*வாசகர், பாலக்கோடு*

பதில்: ஏஜென்ட் பேச்சைக் கேளுங்க தம்பி, அவர் உங்களைக் காப்பாத்தப் பாக்கறார்.

ஒரே பார்சல்ல வந்தா ஒரே கோடுன்னு எங்கயும் கிடையாது. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனி லைன், தனி கோடு. ஐசி மட்டும்தான் 8542. கெப்பாசிட்டர் 8532, ரெசிஸ்டர் 8533, டயோடு டிரான்சிஸ்டர் 8541, ஒண்ணும் சாலிடர் பண்ணாத வெறும் பிசிபி 8534, ரிலே கனெக்டர் சுவிட்ச் இதெல்லாம் 1000 வோல்ட் வரைக்கும் 8536. ஜிஎஸ்எம் மாட்யூல்தான் இங்க வில்லங்கம், அதை கையில எடுத்துப் பாத்தா ஐசி மாதிரியே சின்னதா இருக்கும், ஆனா மேல இருக்கற தகரத்தை கழட்டிப் பாருங்க, உள்ள ஒரு போர்டு மேல நாலஞ்சு ஐசி, கிரிஸ்டல், கெப்பாசிட்டர்னு தனித்தனியா ஒட்டியிருக்கும். அது ஐசி இல்ல, டேட்டாவை அனுப்பி வாங்கற ஒரு முழு கருவி, 8517 62ல போகும், அந்த இடத்துல பல பொருளுக்கு நல்லாவே டூட்டி இருக்கு. ரேடியோ அலை அனுப்பற சாமான்ங்கறதால ரேடியோ அலைக்கு அனுமதி குடுக்கற மத்திய அரசு பிரிவான டபிள்யூபிசியோட ஈடிஏங்கற ஒப்புதலும் கேப்பாங்க, அது இல்லாம பொட்டி நகராது.

சப்ளையர் ஏன் இப்படி போடறான்னா, அவன் கோடு அவன் ஊர் ஏற்றுமதிக்கு, அங்க அவனுக்குத் திரும்பக் கிடைக்கற வாட் வரிக்கு. உலக கஸ்டம்ஸ் அமைப்பு போட்ட முதல் 6 நம்பர்தான் எல்லா நாட்டுக்கும் பொது, அதுக்கு மேல 2 நம்பர் நாம சேத்து இந்தியால 8 ஆக்கிக்கறோம், சைனாக்காரன் 10 வரைக்கும் போறான். அந்த 6ம் அவன் சரியா போட்டிருந்தாதான் நமக்கு உதவும். தப்பா போட்டா அவனை யாரும் கேக்க மாட்டாங்க, நோட்டீஸ் வர்றது பாலக்கோட்டுக்குத்தான்.

ஐசி, டயோடு, கெப்பாசிட்டர் இதுக்கெல்லாம் ஜீரோ எப்படி வந்துச்சுன்னு நிறைய பேருக்கு தெரியாது. 1996ல சிங்கப்பூர்ல உலக வர்த்தக அமைப்பு கூட்டத்துல ஐடி பொருளுக்கு டூட்டியே வேண்டாம்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, இந்தியா 1997ல அதுல சேந்துச்சு. அந்தப் பட்டியல்ல இருந்த சாமானுக்குத்தான் ஜீரோ. அப்புறம் வந்த செல்போன், நெட்வொர்க் சாமான் சிலது அந்தப் பட்டியல்ல வராதுன்னு நம்ம அரசாங்கம் டூட்டி போட்டுச்சு, ஐரோப்பிய யூனியன், ஜப்பான், தைவான் மூணும் கேஸ் போட்டு 2023 ஏப்ரல்ல நமக்கு எதிரா தீர்ப்பு வந்து, ஐரோப்பிய யூனியன், ஜப்பான் கேஸ்ல நாம அப்பீல் போயிருக்கோம். ஆக 8517ங்கறது உலக அளவுல இழுபறில இருக்கற இடம், அங்க விளையாட்டா கை வைக்காதீங்க.

கேள்வி: 10 சதவீதம் டூட்டின்னு சொன்னாங்க, 5 லட்சம் சரக்குக்கு 50 ஆயிரம்தானே வரணும்? ஒண்ணரை லட்சத்துக்கு மேல கட்டச் சொல்றாங்க. ஏமாத்தறாங்களா?
*வாசகி, காவேரிப்பட்டணம்*

பதில்: ஏமாத்தலம்மா, கணக்கு அப்படித்தான். சரக்கு விலை, ஃபிரெய்ட் (கொண்டு வர்ற கூலி), இன்சூரன்ஸ் எல்லாம் சேந்து 5 லட்சம்னு வச்சுக்கோங்க. பேசிக் டூட்டி 10 சதவீதம், 50,000. அந்த 50,000 மேல சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ் 10 சதவீதம், 5,000. இப்ப 5,55,000 ஆச்சா, இதுக்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி 99,900. மொத்தம் 1,54,900.

இதுல 99,900 உங்களுக்கு ஜிஎஸ்டி கிரெடிட்டா திரும்பிடும், காசு கொஞ்ச நாள் முடங்கும் அவ்வளவுதான். திரும்பாத காசு அந்த 55,000. கோடு மாறினா அடிபடறது இதுதான். நீங்க ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்துல (சின்ன வியாபாரிக்கான குறைஞ்ச வரித் திட்டம்) இருந்தா கிரெடிட்டும் கிடையாது, மொத்தமும் அடக்க விலைல ஏறிடும், அதைப் பாத்துட்டு விலை போடுங்க. இன்னொண்ணு, ஃபிரெய்ட் பில் கையில இல்லைன்னா சரக்கு விலைல 20 சதவீதத்தை ஃபிரெய்ட்னு எடுத்துப்பாங்க, அதனால ஃபிரெய்ட் பில்லை கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, கடல்ல வர்ற சரக்குக்கு இது பெரிய வித்தியாசம்.

கேள்வி: சார், ஓசூர்ல ஒரு ஆட்டோ காம்பொனென்ட் யூனிட்ல பர்ச்சேஸ் பாக்கறேன். வண்டிக்குன்னே டிசைன் பண்ண ரிலே இறக்கறோம், வேற எதுலயும் மாட்ட முடியாது. ஆடிட்ல வந்தவங்க வண்டி பார்ட்ஸ்தானே, 8708 போடுங்கன்னு சொல்றாங்க, நாங்க 8536 போட்டிருக்கோம். வண்டிக்கு மட்டும் யூஸ் ஆகறது வண்டி பார்ட்ஸ்தானே சார், எங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சு.
*வாசகர், ஓசூர்*

பதில்: நல்ல கேள்வி, நம்ம மாவட்டத்துல தினம் யாராவது ஒருத்தர் மாட்டற கேள்வி. டிவிஎஸ், அசோக் லேலண்ட் காலத்துலருந்து இங்க பார்ட்ஸ் பண்ற யூனிட் எத்தனை, இப்ப எலக்ட்ரிக் வண்டி வேற வந்து போச்சம்பள்ளி வரைக்கும் போயிடுச்சு, அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

எதுக்கு யூஸ் பண்றோம்ங்கறதை முதல்ல மறந்துடுங்க. டாரிஃப் புத்தகத்துல (எல்லா கோடும் டூட்டியும் போட்டிருக்கற புத்தகம்) 21 செக்‌ஷன் இருக்கு, ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் சாப்டருக்கும் முன்னாடி நோட்ஸ் போட்டிருப்பாங்க. எல்லாரும் நேரா டேபிளுக்குப் போய் ரேட்டைத் தேடுவாங்க, நோட்ஸை யாரும் படிக்கறதில்ல. ஆனா சட்டப்படி கோடு முடிவாகறதே அங்கதான், முதல் விதியே ஹெட்டிங்ல (4 நம்பர் கோடுக்குப் பக்கத்துல இருக்கற தலைப்பு) இருக்கற வார்த்தையையும் நோட்ஸையும் வச்சு முடிவு பண்ணுன்னுதான் சொல்லுது. வண்டிங்க வர்றது 17ஆவது செக்‌ஷன். அதுக்கு 2ஆவது நோட்டுல ஒரு பட்டியல் இருக்கு, இதெல்லாம் வண்டிக்குன்னே பண்ணியிருந்தாலும் வண்டி பார்ட்ஸ் ஆகாதுன்னு. அதுல எஃப்னு போட்டு 85ஆவது சாப்டர்ல வர்ற எலக்ட்ரிக்கல் சாமான்னு இருக்கும். ரிலேன்னு 8536லயே பேர் சொல்லி எழுதியிருக்கு, அதனால அது வண்டிக்குள்ள உக்காந்தாலும் 8536தான். வயரிங் ஹார்னஸ் 8544 30, ஹெட்லைட்டும் ஹாரனும் 8512, இதெல்லாம் இதே கணக்குதான்.

அப்ப ஆடிட்காரங்க எதை வச்சு கேக்கறாங்கன்னா, 2021 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் கேஸ்ல, ரயில்வே சிக்னலுக்குன்னு பண்ண ரிலே 8536 இல்ல, 8608ல ரயில்வே சிக்னல் சாமான்னு போகணும்னு சொல்லிடுச்சு. அதைப் பாத்துட்டு நாடு பூரா வண்டி பார்ட்ஸ் இறக்கறவங்களுக்கு கேள்வி மேல கேள்வி, ரயிலுக்கு அப்படின்னா காருக்கும் அப்படித்தானேன்னு. நிறைய பேர் பயந்து போய் கோடையே மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் 2022 ஜனவரி 5ஆம் தேதி சிபிஐசி (கஸ்டம்ஸுக்கு மேல இருக்கற மத்திய வாரியம்) ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுச்சு, நம்பர் 1/2022 கஸ்டம்ஸ். எல்லா செக்‌ஷன் நோட்டையும், வேற சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளையும் சேத்துப் பாத்து முடிவு பண்ணுங்கன்னு அதிகாரிங்களுக்குச் சொல்லியிருக்காங்க. அதுல வர்ற ஒரு தீர்ப்பு உங்களுக்கு உடனே புரியும். யூனி புராடக்ட்ஸ் கேஸ், 2020. கார் மேட், அந்தந்த கார் மாடலுக்குன்னு அளவா வெட்டினது, வேற எங்கயும் போட முடியாது, ஆனாலும் அது 5703ல கார்பெட்தான், 8708 இல்லன்னு கோர்ட் சொல்லிச்சு.

அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனை பிரின்ட் எடுத்துக்கோங்க, ரிலேயோட டேட்டாஷீட்டையும் 2 எஃப் நோட்டையும் சேத்து வச்சு ஆடிட் பதில் எழுதுங்க. வாய்ல சொல்லி விட்டுடாதீங்க, எழுத்துல குடுங்க, கோடு தப்புன்னா அதை நிரூபிக்கற பொறுப்பு டிபார்ட்மென்ட்டுக்குத்தான்.

கேள்வி: எல்இடி பல்ப் அசெம்பிள் பண்றேன். வெறும் எல்இடி ரீல்ல வருது, பிளேட்ல ஒட்டினதும் வருது, டிஓபியும் (டிரைவரும் பிளேட் மேலயே இருக்கறது) வருது, டிரைவர் (எல்இடிக்கு கரண்டை சரி பண்ணிக் குடுக்கற பாகம்) தனியா வருது. நாலுக்கும் ஒரே கோடா?
*வாசகர், கிருஷ்ணகிரி*

பதில்: ரீல்ல வர்ற வெறும் எல்இடி 8541 41. பிளேட்ல ஒட்டி எல்இடிங்களை ஒண்ணுக்கொண்ணு கனெக்ட் மட்டும் பண்ணியிருந்தா, கூட புரொடெக்‌ஷன் டயோடு மட்டும் இருந்தா, அப்பவும் 8541தான். எப்ப அந்த பிளேட் மேலயே கரண்டைக் கட்டுப்படுத்தற ஐசியோ மத்த பாகமோ ஏறுதோ, அதாவது உங்க டிஓபி, அப்ப அது எல்இடி மாட்யூல் ஆயிடுது, 8539 51. இந்தப் பிரிவு 2022 ஜனவரி 1லருந்து புதுசா வந்தது, அதுக்கு முன்னாடி இதுக்கு நடந்த சண்டை கொஞ்ச நஞ்சமில்ல. டிரைவர் தனியா வந்தா 8504 40, அதுக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) ரெஜிஸ்ட்ரேஷன் வேணும், அது இல்லாம இறக்கிட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க, பொட்டி அங்கயே கிடந்து டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும்.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன். ஆயிரம் எல்இடி பிளேட், ஆயிரம் டிரைவர், ஆயிரம் கேப், ஆயிரம் ஹவுசிங்னு எண்ணி ஒரே கன்சைன்மென்ட்ல வந்துச்சுன்னா, அதை பார்ட்ஸ்னு பாக்க மாட்டாங்க. கழட்டிப் போட்ட முழு பொருளும் முழு பொருள்தான்னு 2 ஏ விதி இருக்கு. எல்லாத்துக்கும் சேத்து எல்இடி பல்ப்னு 8539 52ல போட்டுடுவாங்க. நிஜமாவே இங்க வேலை பண்றவங்க ஹவுசிங்கும் கேப்பும் உள்ளூர்ல வாங்கிக்கலாமே, டூட்டியும் மிச்சம், பக்கத்து யூனிட்டுக்கும் வேலை கிடைக்கும்.

கேள்வி: பிசிபிக்கு ஜீரோ டூட்டிதானே?
*வாசகர், பர்கூர்*

பதில்: வெறும் போர்டா இருந்தா 8534. ஒரே ஒரு ஐசியை மேல சாலிடர் பண்ணிட்டாலும் 8534 கிடையாது, அது எந்த மெஷினோட போர்டோ அந்த மெஷினோட பார்ட்ஸா போகும், தனியாவே ஒரு வேலை செஞ்சா அந்த வேலைக்கான ஹெட்டிங். ஸ்டார்ட்டர் பேனல் போர்டு ஒரு இடம், செல்போன் போர்டு வேற இடம். செல்போன் போர்டுக்கு 20 சதவீதம் இருந்தது 2024 ஜூலை பட்ஜெட்ல 15 ஆச்சு. வெறும் போர்டுலயும் சைனா, ஹாங்காங்லருந்து வர்ற 6 லேயர் வரைக்குமான பிசிபிக்கு 2024லருந்து ஆன்டி டம்பிங் டூட்டி (ரொம்ப மலிவா வந்து குவியறதைத் தடுக்கற கூடுதல் டூட்டி) இருக்கு, பேசிக் ஜீரோன்னு பாத்துட்டு ஆர்டர் போட்டவங்க நிறைய பேர் இதுலதான் அடி வாங்கினாங்க.

கேள்வி: அண்ணா நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஃப்ரெண்ட்ஸ் சேந்து மாந்தோப்புக்கு மண் ஈரம் பாக்கற கருவி பண்றோம், விக்கவும் ஆரம்பிச்சுட்டோம். சென்சார்னு தேடினா கோடே வரல.
*வாசகர், அரூர்*

பதில்: வராது தம்பி, சென்சார்னு ஒரு ஹெட்டிங்கே இல்ல. எதை அளக்குது, எப்படி அளக்குதுன்னு பாக்கணும். தெர்மிஸ்டர்னா அது ஒரு ரெசிஸ்டர், 8533 40. ரீடிங் காட்டற தெர்மாமீட்டர், ஈரப்பதம் பாக்கற ஹைக்ரோமீட்டர்னா 9025. பிரஷர், ஃப்ளோ அளக்கறது 9026. செமிகண்டக்டரே சென்சாரா வேலை செஞ்சா 8541 51, உள்ள ஐசியா இருந்தா 8542. இந்த 8541, 8542 ரெண்டுக்கும் ஒரு விசேஷம் உண்டு, 85ஆவது சாப்டர் நோட்ல சொன்ன விளக்கத்துக்குள்ள ஒரு பொருள் வந்துடுச்சுன்னா வேற எந்த ஹெட்டிங்கையும் விட இதுக்குத்தான் முன்னுரிமை, மெமரி கார்டு மாதிரி 8523ல போறது மட்டும் விலக்கு. அதனால சின்ன பேக்கேஜா வர்ற சென்சாருக்கு முதல்ல அந்த நோட்டைப் படிச்சுட்டு மத்ததுக்குப் போங்க.

விக்கறதுக்கு வாங்கறப்ப பர்சனல் யூஸ்னு 9804ல எடுக்காதீங்க. ஐஇசி நம்பர் (இறக்குமதி ஏற்றுமதி பண்றதுக்கான நம்பர்) எடுத்துக்கோங்க, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத்தைப் பாக்கற மத்திய அரசு துறை) சைட்லயே எடுத்துடலாம். உங்க கருவி நம்ம மாந்தோப்புல நல்லா வேலை செய்யணும், எனக்கு அந்த ஆசை ரொம்ப இருக்கு.

கேள்வி: கூகுள்ல போட்டா கோடு வருதே, அது போதாதா?
*வாசகர், தர்மபுரி*

பதில்: போதாது. 2023 ஜனவரில ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் சம்பந்தமா எச்பி கம்பெனி கேஸ்ல, யார் வேணா எழுதற விக்கிபீடியா மாதிரி இடத்தை வச்சு கோடு முடிவு பண்றதைப் பத்தி சுப்ரீம் கோர்ட்டே எச்சரிச்சிருக்கு. தேடறதுக்கு நெட், முடிவுக்கு டாரிஃப் புத்தகம்.

கேள்வி: ஐயா, பேர் போட வேண்டாம். ரெண்டு வருஷமா கனெக்டரை எல்லாம் ஐசியோட சேத்து ஜீரோல இறக்கிட்டு இருந்தோம், தெரியாம நடந்தது. இப்பதான் தப்புன்னு தெரியுது. இதுவரை யாரும் கேக்கல. வாயை மூடிட்டு இனிமே சரியா பண்ணா போதுமா, ராத்திரி தூக்கம் வரல.
*ஓசூர்*

பதில்: நீங்க பேர் போடாததுல எனக்கு வருத்தம் இல்ல, தூக்கம் வரலன்னு எழுதினதுதான் மனசைப் போட்டுப் பிசையுது. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல, வேலை பாத்த ஒரு கம்பெனில இதே கதைதான், சப்ளையர் எழுதின கோடை அப்படியே காப்பி பண்ணிக்கிட்டே இருந்தோம், யாரும் கேக்கலைங்கறதால சரின்னே நினைச்சோம், மூணு வருஷம் கழிச்சு மொத்த பில்லையும் எடுத்து வச்சு கேட்டாங்க. முதலாளி நல்ல மனுஷன். வித்த சரக்குக்கு கஸ்டமர்கிட்ட போய் இப்ப டூட்டி குடுன்னு கேக்க முடியுமா, கைக்காசுதான் போச்சு. அன்னிக்கு அவர் மேஜை முன்னாடி நின்னது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

அதனால சொல்றேன், வாயை மூடிட்டு இருக்காதீங்க. 2011லருந்து கஸ்டம்ஸ்ல செல்ஃப் அசெஸ்மென்ட்தான், கோடு போடற பொறுப்பு இம்போர்ட் பண்றவர் தலைமேல இருக்கு. சட்டத்துல 28ஆவது பிரிவுப்படி சாதாரண தப்புக்கு ரெண்டு வருஷம் பின்னாடி போய் கேக்கலாம், வேணும்னே மறைச்சதுன்னு வந்தா அஞ்சு வருஷம், அப்ப டூட்டிக்குச் சமமா அபராதமும் வரும். நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நீங்களே கணக்குப் போட்டு, குறைஞ்ச டூட்டியையும் வருஷத்துக்கு 15 சதவீத வட்டியையும் கட்டி எழுத்துல தெரிவிச்சுட்டா, தெரியாம நடந்த தப்புக்கு அபராதம் கிடையாது. 2025 நிதிச் சட்டத்துல 18 ஏன்னு ஒரு பிரிவும் சேத்திருக்காங்க, சரக்கு வெளிய வந்த பிறகு நாமளே பில்லைத் திருத்திக்கறதுக்குன்னே.

இப்ப செய்ய வேண்டியது, எந்தெந்த பில்லுல கனெக்டர் இருந்துச்சுன்னு எடுத்து, மேல காவேரிப்பட்டணம் அம்மாவுக்குச் சொன்ன மாதிரி கணக்குப் போடுங்க. 10 சதவீதம்னு வச்சா ஒரு லட்சம் சரக்குக்கு பேசிக்கும் சர்சார்ஜும் 11,000, அதுக்கு மேல ஐஜிஎஸ்டி, அதுக்கு வட்டி. தொகை கையில வந்ததும் ஒரு கஸ்டம்ஸ் வக்கீலைப் பாருங்க, பயப்படாதீங்க, நீங்களா போய் சொல்றதுக்கும் அவங்க வந்து பிடிக்கறதுக்கும் மலையளவு வித்தியாசம் இருக்கு. கட்டி முடிச்சதும் எனக்கு ஒரு வரி எழுதுங்க.

கேள்வி: எங்க சாமான் எந்த ஹெட்டிங்னு ரெண்டு ஏஜென்ட் ரெண்டு விதமா சொல்றாங்க. மாசம் மாசம் இறக்கப் போறோம். முன்கூட்டியே கஸ்டம்ஸையே கேட்டு எழுதி வாங்க முடியாதா?
*வாசகி, ஓசூர் பாகலூர் ரோடு*

பதில்: முடியும் சகோதரி, ஏன் இதை இவ்வளவு குறைவா யூஸ் பண்றாங்கன்னே தெரியல. அட்வான்ஸ் ரூலிங்னு பேர். 2021லருந்து டெல்லியிலயும் மும்பையிலயும் இதுக்குன்னே ஒரு அதிகார அமைப்பு இருக்கு. 10,000 ரூபா ஃபீஸ், மூணு மாசத்துல சொல்லணும், ரூலிங் வந்தா சில வருஷத்துக்கு செல்லும், நடுவுல சட்டம் மாறாம இருந்தா. உங்களையும் கட்டுப்படுத்தும், அந்த கஸ்டம்ஸ் அதிகாரிங்களையும் கட்டுப்படுத்தும், ஆனா உங்க ரூலிங்கை பக்கத்து யூனிட்காரர் எடுத்து யூஸ் பண்ண முடியாது.

விண்ணப்பத்துல சாமானோட விவரம் முழுசா குடுங்க, டேட்டாஷீட், போட்டோ, சர்க்யூட் பிளாக் டயகிராம், உள்ள என்னென்ன பாகம் இருக்கு, கரண்ட் குடுத்தா என்ன செய்யுதுன்னு. எலக்ட்ரானிக் பார்ட்ஸ்னு ஒரே வார்த்தைல எழுதினா யாரும் எதுவும் சொல்ல முடியாது. நமக்குச் சாதகமில்லாத விவரத்தை விட்டுடாதீங்க, உண்மையை மறைச்சு வாங்கின ரூலிங் செல்லாமப் போயிடும். அது வர்ற வரைக்கும் அவசரமா சரக்கு இறக்கணும்னா 18ஆவது பிரிவுல புரொவிஷனல் அசெஸ்மென்ட் கேளுங்க, பாண்டு (உறுதிப் பத்திரம்) எழுதிக் குடுத்து சரக்கை எடுத்துக்கலாம், கோடு முடிவானதும் கூடக் குறைய இருந்தா நேர் பண்ணிக்கலாம். பெங்களூர் ஏர்போர்ட்ல எடுத்தாலும் சென்னை துறைமுகத்துல எடுத்தாலும் இதே வழிதான், ரெண்டு இடத்துலயும் ஒரே சாமானுக்கு ஒரே கோடு மட்டும் போடுங்க, அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு போட்டா கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துடும்.